நர்ஸ் வேலைக்குப் போன பிறகும் மகள் ஏன் பயிற்சிக்குப் போகிறாள்? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

"நாலு வருஷம் படித்தாள், வேலையிலும் சேர்ந்துவிட்டாள். இன்னும் என்ன பயிற்சி? லீவு நாளில்கூட வீட்டில் இருப்பதில்லை" என்று கேட்டிருந்தீர்கள். நைட் டியூட்டி முடிந்து வந்த பெண் தூங்காமல் வகுப்புக்குக் கிளம்புவதைப் பார்த்தால் பெற்ற மனம் பதறத்தான் செய்யும். ஆனால் கல்லூரியில் சரியாகப் படிக்காததால் அவள் போகவில்லை. அவள் வேலையில் பாடமே மாறிக்கொண்டிருக்கிறது.

இதயம் நின்றுபோன பெரியவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முறையைப் பாருங்கள். முன்பெல்லாம் மூச்சுப்பாதையைச் சரிசெய்து, மூச்சு கொடுத்து, அதன் பிறகு நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். 2010-ல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த வரிசையை மாற்றி, அழுத்துவதை முதலில் வைத்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல் என்ற அளவு 2015-ல் வந்தது. 2009-ல் படித்து முடித்து, அதன் பின் பயிற்சிப் பக்கமே போகாத ஒருவருக்கு அவசரத்தில் பழைய வரிசைதான் கைக்கு வரும். அவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை, யாரும் அவருக்குத் திரும்பச் சொல்லித்தரவில்லை.

கைக்கும் மறதி உண்டு. பி.எல்.எஸ். எனும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்கான சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். ஆனால் பழகாமல் விட்டால் அந்தத் திறமை சில மாதங்களிலேயே குறையத் தொடங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீண்ட வகுப்பில் உட்காருவதைவிட, வார்டிலேயே அடிக்கடி பத்து நிமிடம் பொம்மையை வைத்துப் பழகுவதை நான் பெரிதாக மதிக்கிறேன். அவளுடைய இன்சார்ஜ் சிஸ்டர் அப்படிப் பழக்குபவராக இருந்தால், அது உங்கள் மகளுக்குக் கிடைத்த பேறு.

உங்கள் கவலையில் நியாயமும் இருக்கிறது. ஒரே வருடத்தில் பதினொரு ஆன்லைன் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கும் சற்று வருத்தமாக இருந்தது. வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் நான்கு கேள்விக்கு விடை கொடுத்தால் கிடைக்கும் சான்றிதழ்கள் நிறைய உண்டு. தகவல் தெரிந்துகொள்ள அவை போதும், கைவேலை அதில் வராது. பிரிட்டனில் நர்சுகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 35 மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரமாவது மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். அதோடு, தன் வேலையில் என்ன கற்றோம், என்ன மாற்றினோம் என்று ஐந்து குறிப்புகளும் எழுத வேண்டும். அறையில் தனியாகப் பார்த்த வீடியோ மட்டும் போதாது என்பதை அந்த விதியே சொல்லிவிடுகிறது.

மகள் பச்சிளங்குழந்தை வார்டில் இருக்கிறாள் அல்லவா? அப்படியானால் இந்த வருடம் அவளுக்கு முதலில் வேண்டியது பிறந்த குழந்தைக்கு மூச்சு மீட்கும் பயிற்சி. அழாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் உதவி தொடங்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறக்க முடியாது. மூச்சு கொடுக்கும் முகக்கவசம் குழந்தையின் முகத்தில் சரியாகப் படிந்திருக்கிறதா, நெஞ்சு எழும்புகிறதா என்பதைக் கண்ணும் கையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனை நிர்வாகம், தரக் கட்டுப்பாடு போன்றவை நல்ல படிப்புகள்தான். ஆனால் அவை இன்னும் சில வருடம் காத்திருக்கலாம்.

பணம் கட்டுமுன் அவள் சில விஷயங்களை விசாரிக்கட்டும். இந்தப் பயிற்சி மணி நேரத்தை அவள் பதிவு செய்திருக்கும் நர்சிங் கவுன்சில் ஏற்குமா? ஒரு பொம்மையைச் சுற்றி எத்தனை பேர் நிற்பார்கள்? பத்துப் பேர் என்றால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். செய்துமுடித்த பிறகு, எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குகிறார்களா? என் அனுபவத்தில், மனதில் நிற்பது அந்தப் பேச்சுதான். மருத்துவமனையே செலவை ஏற்கிறது என்றால் பாண்ட் (இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) கேட்கிறார்களா, எத்தனை மாதம் என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடட்டும்.

சம்பளம் உயருமா என்றும் கேட்டீர்கள். இரண்டு நாள் பயிற்சியால் மட்டும் உயராது. டயாலிசிஸ், தீவிர சிகிச்சை, நோய்த்தொற்றுத் தடுப்பு போன்ற துறைகளில் மாதக்கணக்கில் படிக்கும் சிறப்புப் படிப்புகள்தான் வேறு பொறுப்புக்கு வழி திறக்கும். அதற்கு முன் ஒரே வார்டில் இரண்டு மூன்று வருடம் ஊன்றி நிற்பது நல்லது.

ஒன்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். நைட் டியூட்டி முடிந்த காலையில் அவள் எந்த வகுப்புக்கும் போக வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் கேட்டது மனதில் தங்காது, வண்டி ஓட்டிப் போவதும் ஆபத்து. டியூட்டி பட்டியல் போடும்போதே பயிற்சி நாளைச் சொல்லி, முந்தைய இரவு ஓய்வு கேட்கச் சொல்லுங்கள். கேட்கத் தயங்கினால் என்னோடு பேசச் சொல்லுங்கள். கோரிக்கைக் கடிதத்தை அவளோடு உட்கார்ந்து நானே எழுதித் தருகிறேன்.