பாத்ரூம் ஒழுகலுக்கு ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். சரியான எஸ்டிமேட் வாங்குவது எப்படி?

கேள்வி: சென்னையில் பழைய ஃபிளாட். எங்கள் பாத்ரூமில் இருந்து கீழ் வீட்டுக்கு ஒழுகுகிறது. பார்க்க வந்த மூன்று பிளம்பர்களில் ஒருவர் 4,000 என்கிறார், ஒருவர் 18,000, இன்னொருவர் 60,000-க்கு மேல். எது நியாயமான விலை? வேலை தொடங்கும் முன்பே நம்பகமான எஸ்டிமேட் வாங்க முடியுமா?

பதில்:

நங்கநல்லூரில் பதினெட்டு வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பில் சங்கத்தின் வரவு செலவு சில வருடங்களாக என் பொறுப்பில் இருக்கிறது. அதனால் பிளம்பர் எஸ்டிமேட் என்பது எனக்கு மளிகைச் சீட்டு மாதிரி பழகிப்போன ஒன்று.

உங்களுக்கு வந்த மூன்று தொகையும் மூன்று வெவ்வேறு வேலைக்கான தொகை. 4,000 சொன்னவர் டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி என்ற அடைப்புப் பசையைப் பூசப் போகிறார். 18,000 சொன்னவர் சுவருக்குள் போகும் தண்ணீர் லைனை அப்படியே விட்டுவிட்டு, வெளியில் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாயில் புது லைன் இழுக்கப் போகிறார். அறுபதுக்காரர் பாத்ரூமையே உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்யும் கணக்கில் இருக்கிறார். மூவரில் ஒருவராவது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாரா? அநேகமாக இல்லை. மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை, வாயில் ஒரு தொகை. கோளாறு எது என்று தெரியாதவரை இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஆகவே முதலில் வாங்க வேண்டியது கோளாறு எங்கே என்ற பதில். விலை அதற்குப் பிறகு.

எங்கள் குடியிருப்பில் போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே முதல் மாடி வீட்டின் சீலிங்கில் சொட்டியது. மழை என்பதால் எல்லோரும் மொட்டை மாடியைத்தான் சந்தேகப்பட்டார்கள். உங்களுக்கு வந்த மாதிரியே எங்களுக்கும் 3,500, 22,000, 65,000 என்று மூன்று எஸ்டிமேட். நாலாவதாக வந்தவர் எடுத்த எடுப்பில் மேல் பாத்ரூமுக்குள் போகவில்லை. கீழ் வீட்டு மாமியிடம் போய், "எப்பம்மா சொட்டுது? நாள் பூராவா, இல்ல மேல குளிக்கும்போது மட்டுமா?" என்று கேட்டார்.

"காலையில ஏழு மணிக்கு மேல ஆரம்பிக்கும். பத்து பத்தரைக்கு நின்னுடும். ராத்திரில சொட்டு கூட இருக்காது."

"அப்ப பிரஷர் லைன் கிடையாதும்மா. அவுட்லெட்தான்."

காரணம் எளிது. மேல்நிலைத் தொட்டியில் இருந்து வரும் குழாயில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதில் ஊசி நுனி அளவு ஓட்டை இருந்தாலும் ராப்பகலாகக் கசியும். கழிவுக் குழாயோ யாராவது தண்ணீர் ஊற்றினால் மட்டும்தான் நனையும். இந்த ஒரு கேள்வியிலேயே 22,000 ரூபாய் எஸ்டிமேட் அடிபட்டுப் போய்விட்டது.

அடுத்து ஒழுகுவது தரையா, தரைத் தண்ணீர் கழிவுக் குழாய்க்குள் இறங்கும் ட்ராப்பா என்று பார்க்க வேண்டும். நானி ட்ராப்பின் வாயில் பாலித்தீன் கவரில் சுற்றிய துணியை அடைத்து, பாத்ரூம் தரையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினார். சுவர் டைல்ஸில் நீர்மட்டத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு. அன்று அந்த வீட்டுக்காரர்கள் இன்னொரு பாத்ரூமைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் அதே கோட்டில் நின்றது, கீழே சீலிங் காய்ந்திருந்தது. ஆக தரை ஒழுகவில்லை, 65,000-க்கும் வேலை இல்லை. துணியை உருவினார். தொட்டியாக நின்ற தண்ணீர் இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கீழே மாமி குரல் கொடுத்தார், சொட்டுகிறது என்று. ட்ராப்பும் குழாயும் சேரும் ஜாயின்ட்டில் விரிசல்.

ட்ராப்பைச் சுற்றி ஒன்றரை அடிக்கு மட்டும் உடைத்து, புது ட்ராப் வைத்து, ஜாயின்ட் மாற்றி, பூசி மூடினார். கூலி 6,000, சாமான் 2,200, பார்த்துச் சொன்னதற்கு 500. முதலில் வந்த எந்த எஸ்டிமேட்டிலும் இந்த வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். 3,500 ரூபாய்க்கு எபாக்ஸி பூசியிருந்தால் அடுத்த வாரமும் அங்கே சொட்டியிருக்கும்.

அந்த 500 ரூபாயைத் தயங்காமல் கொடுங்கள். "இன்னைக்கு வேலை எதுவும் வேணாம். எங்க கோளாறுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அதுக்குத் தனியா காசு தர்றேன்" என்று போனிலேயே சொல்லிவிட வேண்டும். இலவசமாக வந்து பார்க்கிறவர் அந்த நடையின் செலவை எங்காவது ஏற்றித்தானே ஆக வேண்டும்? தண்ணீர் லைனில்தான் சந்தேகம் என்றால் பிரஷர் பம்ப் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். கையால் அடிக்கிற சின்னப் பம்பு, மேலே ஒரு மீட்டர். எல்லா வாயையும் அடைத்துவிட்டு லைனில் அழுத்தம் ஏற்றுவார்கள். முள் அப்படியே நின்றால் லைன் நன்றாக இருக்கிறது, இறங்கினால் கசிகிறது. அந்த முள்ளை நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கூப்பிடுவதற்கு முன் வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. நாள் பூரா சொட்டினால் அந்த பாத்ரூமுக்கான கேட் வால்வை மூடிவிட்டுக் கவனியுங்கள். சொட்டுவது நின்றால் கோளாறு தண்ணீர் லைனில். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய ஃபிளாட்கள் பலவற்றில் பாத்ரூம் தளம் ஒரு அடி போலத் தாழ்ந்திருக்கும். சங்கன் ஸ்லாப் என்பார்கள். அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, அதன் மேல்தான் டைல்ஸ் போட்டிருப்பார்கள். கசிவு நின்றாலும் உள்ளே தேங்கிய தண்ணீர் சில நாட்களுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி மூடிப் பார்த்துவிட்டு "நிற்கவில்லையே" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தனி வீட்டில் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது என்றால் முதலில் ஃப்ளஷ் டாங்கைப் பாருங்கள். துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் நாலு சொட்டு டாங்கில் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் வாஷர் போயிருக்கிறது. சில நூறு ரூபாய் சமாச்சாரம். இதற்கு லைன் மாற்ற எஸ்டிமேட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கோளாறு தெரிந்த பிறகுதான் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பதில் பொருள் இருக்கிறது. அப்போதும் "மொத்தமா எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். கூலி தனியே, சாமான் தனியே, உடைத்ததை மூடுவது தனியே என்று கேளுங்கள். சண்டை பெரும்பாலும் மூன்றாவதில்தான் வரும். பிளம்பர் சுவரை உடைப்பார், குழாயை மாற்றுவார், "டைல்ஸ் வேலை நம்மளது இல்லம்மா, அதுக்கு கொத்தனாரைக் கூப்பிட்டுக்கோங்க" என்று கிளம்பிவிடுவார். கொத்தனார் கூலி, சிமென்ட், மணல், உடைந்த ரப்பீஷை மூட்டை கட்டிக் கீழே இறக்கி அப்புறப்படுத்துவது, அதே நிற டைல்ஸ் கடையில் கிடைக்காமல் அலைவது எல்லாம் அதற்கப்புறம்தான் வரிசையாக வரும். குழாய் மாற்றும் செலவை விட மூடும் செலவு அதிகமான வீடுகள் உண்டு. பழைய வீட்டில் சுவரைத் தொடாமல் வெளியே லைன் இழுப்பது பல நேரம் மலிவாக முடிவது இதனால்தான். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அடுத்த முறை கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். என் ஓட்டு அதற்குத்தான்.

தொண்ணூறுகளில் கட்டியது, உள்ளே ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் ஒட்டுப்போடும் எஸ்டிமேட்டை நம்பாதீர்கள். துரு ஓர் இடத்தில் தின்று வெளியே வந்துவிட்டது என்றால் அதே வயதுள்ள மற்ற இடங்களும் வரிசையில் நிற்கின்றன. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதியில் கேட்கவே வேண்டாம்.

சாமான் என்று வரும்போது "நல்ல பிராண்டு போட்டுத் தர்றேன்" என்பது எஸ்டிமேட்டே ஆகாது. சிபிவிசி என்றால் எஸ்டிஆர் 11-ஆ, 13.5-ஆ என்று எழுதச் சொல்லுங்கள். குழாயின் வெளிவிட்டத்தை அதன் சுவர் கனத்தால் வகுத்து வருகிற எண் அது. எண் சிறியதாக இருந்தால் குழாய் தடிமன், விலையும் அதிகம். இரண்டு பிளம்பர்களின் சாமான் தொகை வேறுபடுவதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம். கழிவு லைனுக்கு எஸ்டபிள்யூஆர் பைப்பில் ஏ டைப், பி டைப் என்று இரண்டு உண்டு. மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும் ஏ, டாய்லெட், பாத்ரூம் கழிவுக்குக் கனமான பி. ஏ டைப்பைப் போட்டு விலையைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள்.

ஹார்டுவேர் கடையில் பிளம்பருக்குக் கமிஷன் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை, கூலியைக் குறைத்துப் பேசுகிற ஊரில் அவரும் எங்காவது ஈடுகட்டத்தான் செய்வார். பெரிய வேலை என்றால் அவரிடம் லிஸ்ட் எழுதி வாங்கி, நானே கடைக்குப் போய், பிரிக்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு, பில்லோடு வாங்குகிறேன். சின்ன வேலைக்கு அப்படிச் செய்யாதீர்கள். முக்கால் இஞ்ச் எல்போ கேட்டதற்கு ஒரு இஞ்ச் வாங்கி வந்து, மாற்றப் போய், அதற்குள் பாதி நாள் கூலி ஓடிவிடும்.

கூலியை நாள் கணக்கில் பேசுவதா, காண்ட்ராக்டா என்பதற்கும் ஒரே விடை கிடையாது. உடைத்தால்தான் தெரியும் என்கிற வேலைக்கு நாள் கூலி நல்லது. காண்ட்ராக்ட் என்றால் அவர் தெரியாததற்கெல்லாம் சேர்த்து ஏற்றித்தான் சொல்வார். இரண்டு பாத்ரூம் லைன் மாற்றுவது போல அளவு தெரிந்த வேலைக்கு பாயிண்ட் கணக்கு. எத்தனை குழாய் வாய் வருகிறதோ அத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு. ஷவர், டைவர்ட்டர், ஹெல்த் ஃபாசெட், கீஸருக்குப் போவது, வருவது என்று எது எது பாயிண்ட்டில் சேரும் என்பதை முன்பே எண்ணிவிடுங்கள். கடைசி நாளில் எண்ணினால் எண்ணிக்கை கூடும்.

பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாகவாவது வாங்கி வையுங்கள். எழுதித் தரச் சொன்னால் சிலர் சங்கடப்படுவார்கள். நீங்களே தட்டச்சு செய்து அனுப்பி, "இதான அண்ணே பேசினது? சரின்னு ஒரு மெசேஜ் போட்டுடுங்க" என்றால் போட்டுவிடுவார்கள். அதில் ஒரு வரி கட்டாயம்: கூடுதல் வேலை வந்தால் செய்வதற்கு முன் சொல்ல வேண்டும். பெண்களுக்குத் தனியாக ஒன்று. "வீட்ல சார் இல்லையாம்மா?" என்று தொடங்குகிறவரிடம் நான் எஸ்டிமேட்டே கேட்பதில்லை. என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு அந்த 'சார்' வந்ததும் வேறு ஒன்று பேசுவதற்கான வாசல் அது.

ஆப் மூலம் கூப்பிட்டால் விலைப்பட்டியல் முன்கூட்டியே தெரியும், பில்லில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும். குழாய் மாற்ற, அடைப்பு எடுக்க அது வசதி. எங்கிருந்து கசிகிறது என்ற மாதிரி வேலைக்கு, அந்தக் கட்டடத்தைத் தெரிந்த உள்ளூர்க்காரருக்கு ஈடாகாது. தனி ஆளாக வேலை செய்கிற பிளம்பர் கையால் எழுதின பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டால் பதிவு எண் கேளுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சம் வரவு வரை பதிவே தேவையில்லை, பதிவில்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் முடியாது.

வாஷர் மாற்றுவது, ஆங்கிள் காக் போடுவது, சிங்க் அடைப்பு போன்றவற்றுக்கு எஸ்டிமேட் வாங்கிக்கொண்டிருக்காதீர்கள். வந்து போகிற கூலியே 300, 400 ஆகிவிடும். இப்படிச் சில்லறை வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொடுத்தால் அவருக்கும் அரை நாள் வேலை, உங்களுக்கும் லாபம்.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது, கீழ் வீட்டுக்காரரிடம் எந்த நேரத்தில் சொட்டுகிறது என்று இரண்டு நாள் குறித்து வைக்கச் சொல்வது. அந்தக் குறிப்போடு மூன்று பேரையும் மறுபடி கூப்பிடுங்கள். அதைப் பார்த்தும் பழைய தொகையையே திருப்பிச் சொல்கிறவரை விட்டுவிடலாம். வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காதீர்கள். ஒரு பங்கை நிறுத்தி வைத்து, வீட்டில் எல்லோரும் வழக்கம்போல் ஒரு வாரம் குளித்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். அப்படிப் பேசி வைத்தால் எங்கள் பக்கம் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.