14 மிஷினும் 20 லட்சமும்: எதில் போடலாம்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் 14 மிஷின் போட்டு, எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு நைட்டியும் குழந்தைகள் கவுனும் தைத்துக் கொடுக்கிறேன். பங்களாதேஷ் சரக்கின் விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. "கவர்மென்ட் செல்போனுக்குத்தான் அள்ளிக் கொடுக்குது, அந்தப் பக்கம் போயிடலாம்ப்பா" என்கிறான் மகன். வங்கி 20 லட்சம் கடன் தரத் தயார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பையன் சொல்வது பாதி சரி. அரசு அள்ளித்தான் கொடுக்கிறது, ஆனால் நம் கைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. 2020-இல் செல்போனுக்கு வந்த உற்பத்தி ஊக்கத்தொகை, கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம். அதில் சேர உள்நாட்டு நிறுவனம் 4 ஆண்டில் 200 கோடி முதலீடு காட்ட வேண்டியிருந்தது. ஜவுளிக்கும் 2021-இல் இப்படி ஒன்று வந்தது. குறைந்தபட்ச முதலீடு ஒரு பிரிவுக்கு 300 கோடி, இன்னொன்றுக்கு 100 கோடி. பிறகு பாதியாகக் குறைத்தார்கள். குறைத்தும் 50 கோடி!

ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்பீர்கள். செல்போனில் அரசு ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. 1997-இல் உலக ஒப்பந்தம் ஒன்றில் சேர்ந்து மின்னணுப் பொருள்களுக்கான சுங்கவரியைப் படிப்படியாக எடுத்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான், முழு போனாக இறக்கினால் 20 சதவீத வரி என்று 2018-இல் வேலி போட்டு, வேலிக்குள் ஊக்கத்தொகையும் வைத்தார்கள்.

துணியின் கதை தலைகீழ். ரெடிமேட் உடையைச் சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த ஒதுக்கீட்டை எடுத்தது 2000-த்தை ஒட்டித்தான். பின்னலாடைக்கு 2005 வரை நீடித்தது. பெரிய முதலாளி நம் பிழைப்பில் கைவைக்கவில்லை, உண்மைதான். ஆனால் பத்து மிஷின்காரர் நூறு மிஷின் போட நினைத்தால் முதலீட்டு வரம்பு குறுக்கே நின்றது. அதே காலத்தில் பங்களாதேஷ் அரசு, ஏற்றுமதிக்குத் தைப்பவர்கள் வெளிநாட்டுத் துணியை வரியில்லாமல் இறக்க விட்டது. ஐரோப்பாவும் அவர்கள் சட்டைக்கு வரி போடவில்லை. 2005 ஜனவரியில் ஒரு நாடு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற உலக ஜவுளிக் கோட்டா முடிந்தபோது அவர்களிடம் ஆயிரக்கணக்கானோர் வேலைசெய்யும் ஆலைகள் இருந்தன, நம்மிடம் மொட்டைமாடி ஷெட்.

2011-இல் அவர்கள் உடைகளுக்கு நாமே சுங்கவரி இல்லாமல் கதவைத் திறந்தோம். 2025 மே மாதம் தரைவழியை அடைத்து, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்றார்கள். இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். என் கணிப்பில் இது டில்லி–டாக்கா மனக்கசப்பில் போட்ட தாழ்ப்பாள். உறவு சரியானால் திறந்துவிடும்.

அரசு உங்களுக்குப் பயன்படுவது சரக்கு வாங்குபவராகத்தான். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதமாவது குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருந்தால் டெண்டருக்கு முன்வைப்புத்தொகையும் வேண்டாம். மணலி சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை என்று வேலைச்சட்டை போடும் இடங்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அரசு ஆன்லைனில் சரக்கு வாங்கும் ஜெம் தளத்தில் பதிந்து, இவர்கள் என்ன துணி, என்ன தையல் கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் சும்மா பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நைட்டிக்குப் பக்கத்தையல் போட்டு ஓவர்லாக் அடித்தால் வேலை முடிந்தது. வேலைச்சட்டை அப்படி இல்லை. தோளிலும் பக்கத்திலும் இரட்டைத் தையல், பாக்கெட் முனை கிழியாமல் நெருக்கமாகப் போடும் பார்டாக் தையல், துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கலாம் என்பது வரை எழுதியிருப்பார்கள். தவறினால் லாட் மொத்தமும் திரும்பி வரும். பீஸ் ரேட்டில் வேகமாக ஓட்டிப் பழகிய கைகளுக்கு இது பிடிபட நாளாகும்.

எம்.சி. ரோட்டு பாக்கிக்கும் இதே உத்யம் எண் உதவும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது சட்டம். உங்களிடம் இருப்பது துண்டுச் சீட்டுதானே, அப்போது 15 நாள்! கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை கடைக்காரர் அதை வருமானவரியில் செலவாகக் காட்ட முடியாது. வழக்கு அது இதென்று போனால் அடுத்த ஆர்டர் வராது. பில்லில் எண்ணை அச்சடித்துக் கொடுங்கள், மீதியை அவருடைய ஆடிட்டர் சொல்லிவிடுவார்.

20 லட்சத்தையும் எடுக்க வேண்டாம். இரட்டை ஊசி மிஷின் ஒன்று, பார்டாக் ஒன்று, ஒரு லாட்டுக்கான துணி, இவற்றுக்கு மட்டும் எடுங்கள். பொங்கல் முடிந்து கடைகள் மந்தமாகும் தை, மாசியில் தொடங்குங்கள். தீபாவளி நெருக்கத்தில் தொடங்கினால் ஆள் கிடைக்காது. முதல் லாட்டுக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது என்று பார்த்துவிட்டு மீதிக் கடனைப் பேசலாம்.