கணினி கேள்வி - பதில்: விம் எடிட்டர்

விம் என்பது டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், விசைப்பலகையாலேயே இயக்கும் எழுத்துத் திருத்தி.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் கொமிட் (ஒரு பதிவு) செய்யப் போனேன். விம் திறந்துகொண்டது. எதை அழுத்தியும் வெளியே வர முடியாமல் டெர்மினலையே மூடிவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் ஏதோ எச்சரிக்கை வருகிறது. – வாசகி, ஹட்டன்

முதலில் எஸ்கேப். இரண்டு தடவை அழுத்தினாலும் குற்றமில்லை. பிறகு கொலன், ‘டபிள்யூ’, ‘கியூ’, என்டர் என்றால் சேமித்து வெளியேறும். கொலன், ‘கியூ’, ஆச்சரியக்குறி, என்டர் என்றால் சேமிக்காமல் வெளியேறும். கொமிட் செய்தியை எழுதாமல் வெளியேறினால் கிட் அந்தக் கொமிட்டைக் கைவிடும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் ஜன்னலை மூடியபோது விம் தனது ஸ்வாப் கோப்பை (சேமிக்காத மாற்றங்களைக் காக்கும் தற்காலிகக் கோப்பு) விட்டுவிட்டுப் போயிருக்கிறது. எச்சரிக்கை அதனால்தான். அடுத்த முறை கேட்கும்போது ‘டி’ (D) அழுத்தினால் அந்த ஸ்வாப் கோப்பு அழிந்துவிடும்.

4 ஜீபி ரேம் உள்ள பழைய லெப்டொப். டேட்டாவும் அளந்துதான் போடுகிறேன். விம் பழக எங்கிருந்து தொடங்குவது? – மாணவர், மஸ்கெலியா

இந்த லெப்டொப்புக்கு விம் தாராளமாகப் போதும். உபுண்டு லினக்ஸோடு வருவது சிறிய பதிப்பு. அதில் பயிற்சிப் பாடம் இல்லை. ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் விம்’ (sudo apt install vim) கொடுத்து முழுப் பதிப்பை ஏற்றுங்கள். டேட்டா செலவு அவ்வளவுதான். பிறகு டெர்மினலில் ‘விம்டியூட்டர்’ (vimtutor) என ஒரே சொல்லாகத் தட்டுங்கள். அரை மணித்தியாலப் பாடம், இணையம் தேவையில்லை. வாசித்துக்கொண்டே போகாமல், அது சொல்வதை விரலால் செய்து பாருங்கள்.

விம்மில் எப்போதும் நிற்கவேண்டிய இடம் நோர்மல் நிலை. அங்கே எழுத்து விசைகள் கட்டளைகள். எழுத வேண்டியபோது மட்டும் ‘ஐ’ அழுத்தி இன்சர்ட் நிலைக்குள் போய், எழுதி முடித்ததும் எஸ்கேப் அடித்துத் திரும்பிவிட வேண்டும். புதியவர்கள் இன்சர்ட் நிலையிலேயே குடியிருந்து, அம்புக்குறி விசைகளால் அலைகிறார்கள். அப்படியென்றால் நோட்பேட் போதுமே!

கட்டளை என்பது செயலும் எல்லையும் சேர்ந்தது. ‘டி’ (d) அழிக்கும், ‘சி’ அழித்து எழுதவிடும், ‘வை’ பிரதி எடுக்கும். ‘டபிள்யூ’ அடுத்த சொல்லின் தொடக்கம் வரை, டொலர் குறி வரி முடியும் வரை. ஆகவே ‘டி’, ‘டபிள்யூ’ சொல்லை அழிக்கும். ‘சி’, டொலர் வரியின் மீதியை மாற்றும். செயலை இரட்டித்தால் முழு வரி; ‘3’, ‘டி’, ‘டி’ மூன்று வரிகளை நீக்கும். பிழைத்தால் ‘யு’, அதையும் மீட்க கன்ட்ரோல்-‘ஆர்’.

ஒரு உதாரணம். கரட், லீக்ஸ், கோவா என்று மூன்று வரிகள், ஒவ்வொன்றிலும் இரட்டை மேற்கோளுக்குள் ஒரு விலை. மூன்றையும் 340 ஆக்க வேண்டும். முதல் வரியின் தொடக்கத்தில் நின்று ‘சி’, ‘ஐ’, இரட்டை மேற்கோள் அழுத்துங்கள். விம் தானே மேற்கோளைத் தேடிப் போய், உள்ளே இருப்பதை அழித்துக் காத்திருக்கும். 340 தட்டி எஸ்கேப். ‘ஜே’ அழுத்திக் கீழே இறங்கி, முற்றுப்புள்ளி. அந்த வரியும் மாறிவிட்டது. மறுபடி ‘ஜே’, முற்றுப்புள்ளி. கடைசி மாற்றத்தைத் திரும்பச் செய்யும் இந்தப் புள்ளி ஒன்றுக்காகவே விம் பழகலாம்.

நகர்வதற்கு ‘எச்’, ‘ஜே’, ‘கே’, ‘எல்’ ஏன் என்று பலர் கேட்கிறார்கள். 1970களில் பில் ஜோய், விம்மின் முன்னோடியான ‘வீஐ’ எடிட்டரை எழுதிய டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மீதே அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப்பும் இன்றைய டாப் விசை இருக்கும் இடத்தில் இருந்தது. இன்று அது மூலையில் கிடக்கிறது. எட்டாவிட்டால் கன்ட்ரோல் விசையோடு திறக்கும் சதுர அடைப்புக்குறியை அழுத்துங்கள், அதே வேலைதான்.

தமிழில் தட்டிவிட்டு எஸ்கேப் அடித்தால் எந்தக் கட்டளையும் வேலை செய்வதில்லை. – வாசகர், பதுளை

உங்கள் விசைப்பலகை இன்னமும் தமிழில் இருக்கிறது. நீங்கள் ‘டி’ அழுத்தினாலும் விம்முக்குப் போவது தமிழ் எழுத்து. எஸ்கேப் அடித்த கையோடு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும், ஆனால் கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும். நீண்ட தமிழ் உரைக்கு லிப்ரே ஒபிஸ்தான் சரி.

மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிறது, பற்றரியும் நிற்பதில்லை. சேமிக்காதது போனது போனதுதானா? – வாசகி, தலவாக்கலை

பெரும்பாலும் இல்லை. 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும், விம் மாற்றங்களை ஸ்வாப் கோப்பில் எழுதிக்கொள்கிறது. கரண்ட் வந்ததும் அதே கோப்பைத் திறந்தால் ஈ325 (E325) என்ற எச்சரிக்கை வரும். ‘ஆர்’ அழுத்தி மீட்டு, கடைசி வரிகளைச் சரிபார்த்து, சேமித்து வெளியேறுங்கள். ஸ்வாப் கோப்பு தானாக நீங்காது. மறுபடி திறந்து, இம்முறை ‘டி’. இந்த வரிசையை மாற்றி முதலிலேயே ‘டி’ அழுத்தினால் மீட்க எதுவும் மிஞ்சாது. எச்சரிக்கையில் ‘ஸ்டில் ரன்னிங்’ என்று இருந்தால் கோப்பு வேறொரு ஜன்னலில் திறந்திருக்கிறது. அப்போது ‘கியூ’ அழுத்தி விலகி, அந்த ஜன்னலுக்கே போங்கள்.

சேமிக்க கன்ட்ரோல்-‘எஸ்’ அடித்தேன், திரை உறைந்துவிட்டது. – மாணவி, நானுஓயா

கன்ட்ரோல்-‘கியூ’ அழுத்தினால் உறைவு நீங்கும். உறையவைத்தது விம் அல்ல, டெர்மினல். அதேபோல கெப்ஸ் லொக் விழுந்திருந்தால் ‘ஜே’ கீழே இறங்காது, இரண்டு வரிகளை ஒட்டிவிடும். கீழே ‘ரெகோர்டிங்’ என்று தெரிந்தால் விம் உங்கள் விசைகளைப் பதிவுசெய்கிறது; நிறுத்த ‘கியூ’ ஒருமுறை.

திறந்ததும் உகண்டாவின் ஏழைச் சிறுவர்களுக்கு உதவச் சொல்கிறதே, வைரஸா? – வாசகர், வெலிமடை

இல்லை. 1991இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலெனார், மென்பொருளை இலவசமாகத் தந்து, விரும்பியவர்கள் அங்குள்ள சிறுவர்களுக்கு நன்கொடை கொடுக்கக் கேட்டுக்கொண்டார். 2023இல் அவர் காலமானார். வேண்டுகோள் அப்படியே இருக்கிறது.

இணையத்தில் 400 வரி விம்ஆர்சி (.vimrc) கோப்பு, அதாவது விம் திறக்கும்போது வாசிக்கும் அமைப்புக் கோப்பு, கிடைத்தது. போடலாமா? – வாசகர், பண்டாரவளை

வேண்டாம். ஏதாவது பழுதானால் எந்த வரியால் என்று உங்களுக்குத் தெரியாது. ‘செட் நம்பர்’ (set number), ‘செட் எக்ஸ்பாண்ட்டாப்’ (set expandtab), ‘செட் ஷிஃப்ட்விட்த்=4’ (set shiftwidth=4) இந்த மூன்றோடு தொடங்குங்கள். சொந்த விம்ஆர்சி வந்ததும் விம் தனது இயல்பு அமைப்புகளை ஏற்றாது, நிறங்கள் மறைந்துபோகும். கோப்பின் முதல் வரியாக ‘ரன்டைம் டிபோல்ட்ஸ்.விம்’ (runtime defaults.vim) சேர்த்தால் திரும்பிவரும்.