கனவுத் தூக்கமும் மாத்திரைகளும்: கேள்வி பதில்

டாக்டர், மனச்சோர்வுக்கு எஸ்ஸிடாலோப்ராம் ஆரம்பிச்சு ரெண்டு மாசம். கனவே வர்றதில்ல. கைக்கடிகாரமும் 'ரெம் குறைவு'ன்னு காட்டுது. மூளைக்குக் கெடுதலா?

ரெம் என்பது மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும், கனவு அதிகம் வரும் தூக்கம். அது தொடங்க வேண்டுமானால் மூளைத்தண்டில் செரோட்டோனின், நோரெபிநெப்ரின் என்ற வேதிப்பொருள்களைச் சுரக்கும் செல்கள் இரண்டும் வாயை மூடியாக வேண்டும். அப்போதுதான் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் கை ஓங்கும். உங்கள் மாத்திரையோ செரோட்டோனினைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால், தூங்கிச் சுமார் 90 நிமிடத்தில் வரவேண்டிய முதல் ரெம் தள்ளிப்போகும், மொத்த நேரமும் குறையும். மனச்சோர்வுக்கான பழைய ஃபெனல்சின் மாத்திரை ரெம்மைக் கிட்டத்தட்டத் துடைத்தே விடும். அதைச் சாப்பிட்டவர்கள் அதனால் ஞாபகசக்தியை இழந்துவிடவில்லை. மனச்சோர்வு குறைந்திருக்கிறதா? அதைப் பாருங்கள். கடிகாரம் நாடித்துடிப்பையும் அசைவையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். மூளை அலையை அது பார்ப்பதே இல்லை.

மனச்சோர்வு மாத்திரை பராக்ஸெட்டினை நானாவே நிறுத்திட்டேன். நாலு நாளா விடிய விடியக் கெட்ட கனவு.

அணை திறந்த மாதிரி. அடக்கி வைத்த ரெம் மொத்தமாகத் திரும்பி வருகிறது. பராக்ஸெட்டின் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும், அதனால் அடி பலம். அதே வகை மாத்திரையான ஃப்ளூவாக்ஸெட்டின் என்றால் வாரக்கணக்கில் தங்கித் தானே மெல்ல இறங்கும். எழுதிக் கொடுத்தவரை இன்றே கூப்பிடுங்கள். படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார். 'நானாவே' வேண்டாம்.

ராத்திரி ரெண்டு பெக் போட்டா நல்லா தூக்கம் வருது சார். ஆனா மூணு மணிக்கு முழிப்பு.

மது முன்னிரவில் ரெம்மை அமுக்கும். பின்னிரவில் அது வட்டியோடு திரும்பும். அது நல்ல தூக்கம் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு 58 வயசு. மனச்சோர்வுக்கு வென்லாஃபாக்சின் சாப்பிடுறார். தூக்கத்துல யாரையோ திட்டிக் குத்துறார். போன வாரம் குத்து என் தாடையில விழுந்துச்சு.

அம்மா, அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ரெம்மில் கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் தண்டுவட நரம்புகளுக்குப் பூட்டுப் போடும். கண்ணும் மூச்சுத் தசையும் தவிர உடம்பு அசையாது. அந்தப் பூட்டு கழன்றால் கனவில் ஓங்கிய கை நிஜத்திலும் ஓங்கும். அமெரிக்கத் தூக்க ஆய்வாளர்கள் ஷெங்க்கும் மஹோவால்டும் 1986-இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். வென்லாஃபாக்சின் போன்ற மருந்துகளே இதைக் கிளப்பலாம். சிலருக்கு இது பல வருடம் கழித்து வரப்போகும் பார்க்கின்சன் என்ற நடுக்க நோயின் முன்னறிகுறி. அதனால் மருந்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். மெலடோனின், குளோனாசெபாம் என்ற மருந்துகள் இரண்டும் உதவும். அதுவரை மெத்தையைத் தரையில் போடுங்கள், கண்ணாடிச் சாமான்களை நகர்த்துங்கள், நீங்கள் தனியாகப் படுங்கள்.

அப்பாவுக்கு மறதிக்கு டோனெபெசில். ராத்திரி கனவு கண்டு அலறுறார்.

அது அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்து, கனவுக்கு எண்ணெய் ஊற்றும். காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அந்த ஒரு மாற்றமே போதும்.