வெடிச்சத்தம் இருக்கட்டும், வசனம் கேட்கிறதா?

கேள்வி: ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான் படம் பார்க்க முடிகிறது. ஓபன் பேக் ஹெட்போனில்தான் ஒலி இயல்பாக இருக்கும் என்கிறார்கள். குளோஸ்டு பேக் வாங்கினால் எதை இழப்பேன்? – வாசகி, தாம்பரம்

பதில்: உங்களுக்கு குளோஸ்டு பேக்தான். ஓபன் பேக்கின் பின்பக்கம் வெறும் வலை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் வசனம் கேட்டுவிடும். மூடிய கப்பில், ஓபன் பேக்கில் ஒலி சுற்றிலும் விரிந்து கேட்கும் அந்த விசாலம் குறையும், ஒலி தலைக்குள்ளேயே நிற்பதுபோல் இருக்கும். படத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை. கப்புக்குள் ஒலி மோதித் திரும்பி, ஆண் குரலின் அடிப்பகுதி ஊதிப்போவதுதான் உண்மையான தொல்லை. விலை குறைந்த மாடல்களில் கதாநாயகன் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்கும். அதனால் கடையில் பாட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள், பாட்டில் இந்தக் குறை இனிமையாகவே தெரியும். இரண்டு பேர் தணிந்த குரலில் பேசும் காட்சி ஒன்றைப் போனில் கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள்.

மூடிய கப், பக்கத்து அறைப் பேச்சையும் குக்கர் விசிலையும் நன்றாகத் தடுக்கும். ஃபேன், ஏ.சி. உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகத் தடுக்காது. அதற்கு நாய்ஸ் கேன்சலிங் உள்ளதுதான் வேண்டும்.

கேள்வி: பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ வாங்க நினைக்கிறேன். 32, 80, 250 ஓம் என மூன்று வகை. லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் எது சரிவரும்? – வாசகர், கோவை

பதில்: 80 ஓம். ஓம் என்பது மின்தடையின் அளவு, அது கூடக்கூட அதே ஜாக்கில் சத்தம் குறையும். கணக்கைப் பாருங்கள். இந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும். லேப்டாப் ஜாக் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 32 ஓம் ஹெட்போனில் உச்ச அளவு சுமார் 111 டெசிபல், 80 ஓமில் 107, 250 ஓமில் 102. ‘102 போதாதா?’ என்று தோன்றும். பாட்டுக்குப் போதும். படத்தின் கணக்கு வேறு. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களில் வசனத்தின் சராசரி அளவை, டிஜிட்டல் உச்ச அளவுக்கு 27 டெசிபல் கீழே வைக்கச் சொல்கிறது. வெடிக்கும் இடிக்கும் மேலே இடம் விடுவதற்காக அப்படி. ஆக 250 ஓமில் வால்யூமை முழுக்க ஏற்றினாலும் வசனம் 75 டெசிபலைச் சுற்றித்தான் நிற்கும். ஏற்றுவதற்கு மிச்சமே இருக்காது. தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இருந்தால் மட்டும் 250-ஐ நினையுங்கள்.

32 ஓமிலும் சத்தம் போதும், ஆனாலும் 80-ஐச் சொல்வதற்குக் காரணம் வயர். 80 ஓம் மாடலின் வயர் 3 மீட்டர், 32 ஓமின் வயர் 1.6 மீட்டர். சோபாவில் சாய்ந்து பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் முதலில் உறைக்கும். இந்த மாடல்களில் வயரைக் கழற்ற முடியாது, அறுந்தால் சால்டரிங்தான். கழற்றும் வயர் வேண்டுமென்றால் ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.எச். எம்50எக்ஸ் பாருங்கள், பெட்டியிலேயே மூன்று வயர் வரும். ஆனால் காது பெரியவர்களுக்கு அதன் பேட் உரசும்.

கேள்வி: புது டிவியில் ஹெட்போன் ஓட்டையே இல்லை. ஆப்டிகல் வழி மட்டும் இருக்கிறது. கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன், சத்தமே வரவில்லை. – வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஆப்டிகல் கேபிளின் இரு முனைகளிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா பாருங்கள். நிறையப் பேர் அதோடேயே செருகிவிடுகிறார்கள். டிவியில் செருகியபின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும்.

வெளிச்சம் வந்தும் சத்தம் இல்லையென்றால், டிவியின் சவுண்டு செட்டிங்கில் ‘டிஜிட்டல் அவுட்புட்’ என்பதை ஆட்டோ அல்லது டால்பியிலிருந்து பி.சி.எம்.முக்கு (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) மாற்றுங்கள். சாதாரண கன்வெர்ட்டருக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. மௌனமாக இருக்கும், அல்லது கரகரக்கும்.

அடுத்த தலைவலி வால்யூம். பல டிவிகளில் ஆப்டிகல் வழி போகும் ஒலியை ரிமோட்டால் கூட்டிக் குறைக்க முடியாது. அதனால் கன்வெர்ட்டரிலேயே திருகும் வால்யூமும் 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக்கும் இருக்க வேண்டும். சிவப்பு-வெள்ளை ஆர்.சி.ஏ. ஓட்டைகள் மட்டும் உள்ளது ஆம்ப்ளிஃபயருக்கானது. அதில் ஹெட்போனை மாட்டினால் ஒலி மெலிந்து, பேஸ் இல்லாமல் வரலாம்.

கேள்வி: பின்னணி இசை பிரமாதமாகக் கேட்கிறது, பேசுவது மட்டும் எங்கோ தூரத்தில். ஹெட்போன் பழுதா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் ஹெட்போன்மேல் தப்பிருக்காது. பிளக்கை அழுத்திச் செருகுங்கள். கிரவுண்டு தொடர்பு விட்டுப்போனால் இடது, வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். வசனம் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும், இசை மிஞ்சும். மைக் உள்ள, நான்கு தொடர்புப் பகுதி கொண்ட பிளக்கைப் பொருந்தாத ஜாக்கில் மாட்டினாலும் இதேதான். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்ப வரும்.

பிளக் சரியாக இருந்தால் ஆடியோ டிராக்கைப் பாருங்கள். 5.1 டிராக்கில், அதாவது ஆறு சேனல் ஒலியில், வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். அதை இரண்டு சேனலாக மடிக்கும்போது சில பிளேயர்கள் நடு சேனலைக் குறைத்துவிடுகின்றன. ஓ.டி.டி. செயலியில் ‘5.1’ என்று போடாத அதே மொழி டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் போதாவிட்டால் டிவியின் நைட் மோடு, கணினியில் வி.எல்.சி. என்றால் ‘எஃபெக்ட்ஸ்’ பகுதியில் கம்ப்ரெஸர்; இவை பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும். சண்டைக் காட்சியின் மிடுக்கு கொஞ்சம் குறையும், ராத்திரிக்கு அதுவே நல்லது.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போனில் வாய் அசைந்த பிறகு பேச்சு வருகிறதே? – வாசகர், வேலூர்

பதில்: ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். சாதாரண எஸ்.பி.சி. கோடெக்கில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதம் சகஜம். ஒலி 125 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தினால் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக்கில் தாமதம் 40 மில்லிசெகண்ட் அளவுக்கு இறங்கும், ஆனால் டிவி, ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். டிவியில் இருக்கும் ‘ஆடியோ டிலே’யை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது ஒலியை இன்னும் பின்னுக்குத்தான் தள்ளும். கணினியில் வி.எல்.சி. என்றால் ‘ஜே’ விசை ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒலியை 50 மில்லிசெகண்ட் முன்னுக்கு இழுக்கும். வீட்டில் உட்கார்ந்து பார்க்க வயர்தான் உத்தமம்.

கேள்வி: கண்ணாடி போடுகிறேன், வியர்வையும் அதிகம். என்ன பேட் வாங்கலாம்? – வாசகர், மதுரை

பதில்: வெல்வெட் போன்ற வெலூர் பேட். கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால் பேட்டுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்து பேஸ் கசியும். வெலூர் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், வியர்வையையும் தாங்கும். வெளிச்சத்தம் மட்டும் லெதரெட்டைவிடக் (செயற்கைத் தோல்) கூடுதலாக உள்ளே வரும். லெதரெட்டின் மேல்பூச்சு நம் ஊர் ஈரப்பதத்தில் செதில் செதிலாக உரியும். கழற்றியதும் பெட்டிக்குள் வைக்காமல் கால் மணி நேரம் காற்றாட விடுங்கள், ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். மாற்று பேட் வாங்கும்போது பழையதன் தடிமனையே பாருங்கள். தடித்த பேட், ஒலி எழுப்பும் பகுதியான டிரைவரைக் காதிலிருந்து தள்ளிவைத்து ஒலியையே மாற்றிவிடும்.

கேள்வி: ‘7.1’ என்று எழுதிய கேமிங் ஹெட்செட் படத்துக்குச் சிறந்ததா? – வாசகர், ஓசூர்

பதில்: பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரே ஒரு டிரைவர்தான், 7.1 என்பது மென்பொருள் வித்தை. விண்டோஸில் இலவசமாக உள்ள, இதே வித்தையைச் செய்யும் விண்டோஸ் சோனிக்கை எந்த ஹெட்போனுக்கும் போட்டுக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், குரலெல்லாம் குளியலறையில் பேசியதாகக் கேட்கும்.