முப்பரிமாண நெசவுக் கலவைப் பொருள்களின் முறிவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கார்பன் இழை அடுக்குகளை ஒட்டிச் செய்த தகட்டைவிட, முப்பரிமாணமாக நெய்து ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) செலுத்திய பொருள் எவ்வகையில் மேலானது?

அடுக்குத் தகட்டில் இரண்டு அடுக்குகளுக்கு இடையே ரெசின் மட்டுமே பிடிமானம். அதனால் பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தால், மேற்பரப்பில் தடயம் அதிகமின்றியே உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். முப்பரிமாண நெசவில் பாவு (நீளவாக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) ஆகியவற்றோடு தடிமன் வழியே ஊடுருவும் பிணைப்பு நூலும் உண்டு. அது விரிசல் தோன்றுவதைத் தடுப்பதில்லை. தோன்றிய விரிசலின் இரு முகங்களையும் பற்றிக்கொண்டு, தான் ரெசினிலிருந்து விடுபட்டு, அறுந்து, உருவி வெளிவரும் வரை ஆற்றலைச் செலவழிக்க வைக்கிறது. 2016-இல் பயன்பாட்டுக்கு வந்த லீப் விமான எஞ்சினில், பறவை மோதலைத் தாங்க வேண்டிய விசிறி இலைகள் இவ்வாறு நெய்யப்பட்டவையே.

கேள்வி: அப்படியானால் பிணைப்பு நூலை அதிகரித்துக்கொண்டே போகலாமே?

கூடாது. பிணைப்பு நூல் மேற்பரப்பில் வளைந்து திரும்பும் இடங்களில் பாவு நூல்களை அழுத்தி நெளியவைக்கிறது. நூல்களுக்கிடையே ரெசின் மட்டும் தேங்கிய பைகள் உருவாகின்றன. தறியில் உரசுவதால் இழைகள் சிலவும் அறுந்துபோகின்றன. இழுவிசையைவிட அமுக்கவிசையில்தான் இந்த நெளிவு பெருங்கேடு செய்கிறது. சுமையின் திசையிலிருந்து சில பாகைகள் விலகிய நூலை அமுக்கும்போது, அதைச் சூழ்ந்த ரெசின் சறுக்குத் தகைவில் (பக்கவாட்டில் நழுவவைக்கும் விசையில்) நெகிழ்ந்துவிட, இழைகள் ஒட்டுமொத்தமாகச் சாய்ந்து ஒரு குறுகிய பட்டையில் மடிந்து முறிகின்றன. பிரையன் காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990-களில் வெளியிட்ட ஆய்வுகள் இம்மடிப்புகள் தனித்தனி நூல்களில், நெளிவு மிகுந்த இடங்களில் தோன்றுவதைக் காட்டின. அவை பொருளெங்கும் சிதறித் தோன்றுவதால், முதல் நூல் மடிந்தவுடனே மொத்தமும் சரிந்துவிடுவதில்லை. வலிமையில் கொஞ்சம் இழந்து சேதத்தைத் தாங்கும் திறனைப் பெறுவதுதான் இந்த நெசவின் பேரம். மோதலே நேராத பாகத்துக்கு இந்தப் பேரம் வீண் என்பது என் கருத்து.

கேள்வி: சுமையே ஏற்றாத புதிய மாதிரியில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. நிராகரித்துவிடலாமா?

உடனே வேண்டாம். ஏறக்குறைய 180 பாகை செல்சியஸில் இறுகிய எபாக்சி ரெசின் குளிரும்போது கணிசமாகச் சுருங்க முயல்கிறது; கார்பன் இழையோ நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை. மூன்று திசைகளிலும் இழைகளால் கட்டுண்ட ரெசின் பை சுருங்க இடமின்றி வெடிக்கிறது. பிணைப்பு நூல் செங்குத்தாகச் செல்லும் நெசவில் இது அதிகம். சாய்ந்து செல்லும் நெசவில் குறைவு. வெப்பச் சுழற்சிகளுக்கு உட்படுத்தி, விரிசல்கள் பெருகுகின்றனவா, நூல்களுக்குள் புகுகின்றனவா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: பாவுத் திசையில் இழுத்தால் எது முதலில் உடைகிறது?

சுமைக்குக் குறுக்கே கிடக்கும் ஊடை நூல்களும் ரெசின் பைகளும் முதலில் விரிசல் விடுகின்றன. பிணைப்பு நூலின் ஓரங்களில் ஒட்டு விடுகிறது. பிறகு நெளிந்த பாவு நூல்கள் நிமிர்ந்து, கடைசியில் அறுகின்றன.

கேள்வி: இவற்றை அல்ட்ராசவுண்டு சோதனையில் காண முடியுமா?

நூல்களின் பின்னலே ஒலியலையைச் சிதறடிப்பதால், பெரிய பிளவுகளைத் தவிர மற்றவற்றை அறிவது கடினம். சிறு மாதிரியானால் எக்ஸ்-கதிர் சி.டி. படமே நம்பகமானது.