3டி பிரின்டர் வீடு: ஒற்றை வீட்டுக்குக் கட்டுபடியாகுமா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே 900 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டப்போகிறோம். சென்னை ஐ.ஐ.டி.யில் 3டி பிரின்டரிலேயே வீடு கட்டிவிட்டார்களாமே! அப்படிக் கட்டினால் செலவும் நாளும் மிச்சமாகுமா?

பதில்: கட்டியது உண்மைதான். அங்கே படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் 2021-ல் ஐ.ஐ.டி. வளாகத்திலேயே 600 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டிக் காட்டியது. 2023-ல் பெங்களூரு அல்சூரில், ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலோடு எல் அண்ட் டி 1,021 சதுர அடி அஞ்சலகத்தை 43 நாளில் முடித்தது. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு இது வேண்டாம் என்பேன்.

அந்த அஞ்சலகத்துக்கு ஆன செலவு 23 லட்சம் என்றார்கள். சதுர அடிக்குச் சுமார் 2,250 ரூபாய். உங்கள் கான்ட்ராக்டர் சொன்ன ரேட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரின்டர் என்பது கலவையைக் குழாய் வழியே பிழிந்து வரி வரியாக அடுக்கும் இயந்திரம். அது எழுப்பித் தருவது பெரும்பாலும் சுவரைத்தான். அஸ்திவாரம், ஜன்னல், வயரிங், டைல்ஸ் எல்லாம் வழக்கம்போல ஆள் வைத்துத்தான். சுவரில் மிச்சம் பிடித்தது, இயந்திரத்தை ஏற்றி இறக்கிப் பொருத்துவதிலேயே கரைந்துவிடும். ஒரே லேஅவுட்டில் இருபது, முப்பது வீடு என்றால் கணக்கு வேறு.

கலவையும் கொத்தனார் கலக்கும் கலவை அல்ல. குழாயில் தடையில்லாமல் ஓட வேண்டும். வெளியே வந்த மறுகணமே சரியாமல் நிற்க வேண்டும். மேலே அடுத்த வரி ஏறும்போது பிதுங்கவும் கூடாது. பெரிய ஜல்லி சேர்க்க முடியாததால் சிமென்ட் கூடுதலாகப் பிடிக்கும். நம் ஊர் வெயிலில் ஈரம் சட்டென்று வற்றினால் விரிசல்தான். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நேரம் தப்பிவிட்டால் இரண்டும் சரியாக ஒட்டாது. பிற்பாடு தண்ணீர் கசிவதும் அந்த இடத்தில்தான். ஆய்வுக்கூடங்களில் அதிகம் மல்லுக்கட்டுவது இந்த ஒட்டுதலோடுதான்.

ஆசை விடவில்லை என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள். அச்சிட்ட சுவரிலிருந்து வெட்டியெடுத்த துண்டை வெளி ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை இருக்கிறதா? கம்பி எங்கே வருகிறது, தளத்தின் பாரத்தை எது தாங்குகிறது? வரைபடத்தில் கையெழுத்துப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் யார்? ஸ்விட்ச் பாக்ஸ், குழாய் வரும் இடங்களையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உள்ளே கூடாக இருக்கும் சுவரில் பிறகு காடி வெட்டினால் அது தாங்காது. பாதி வேலையில் ஜன்னலைத் தள்ளி வைக்கச் சொல்லும் நம் வழக்கமும் இங்கே செல்லாது.